சொன்னவர் வாயும் எண்ணிடுவோர் கையும்

ஆயிரம் வீடுகளுக்குச் சென்று ஒரே கேள்வியைக் கேட்டால் ஆயிரம் விதமான விடைகள் கிடைக்கும். ஒருவர் இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். மற்றொருவர் தம் குடும்பத்தின் கதை முழுவதையும் சொல்லித் தீர்ப்பார். இவ்வளவையும் ஒரு பக்க அட்டவணையாக்கி ஒரு மந்திரியின் மேசைக்கோ, ஒரு கம்பனியின் காரியாலயத்துக்கோ அனுப்ப வேண்டுமாயின், ஒவ்வொரு விடைக்கும் ஓர் எண்ணைச் சூட்டியாக வேண்டும். “மழையினால் வேலைக்குப் போகவில்லை” என்பதற்கு 1. “உடம்புக்குச் சுகமில்லை” என்பதற்கு 2. “குழந்தையைப் பார்க்க ஆளில்லை” என்பதற்கு 3. இங்ஙனம் எண் சூட்டும் தொழிலே குறியீடு இடுதல் எனப்படுவது. அதனைச் செய்பவர் குறியீட்டாளர்.

முன்னாளில் இத்தொழில் ஒரு பெரிய மண்டபத்தில் வரிசையாக அமர்ந்த எழுதுவினைஞர்களால் நடைபெற்றது. இந்நாளிலோ, விடைகள் கணினிக்குள் சேர்கின்றன. அவற்றை ஒரு மென்பொருள் பங்கிட்டு, எங்கோ தம் வீட்டிலிருக்கும் வெளியாருக்கு அனுப்பிவைக்கின்றது. கொழும்பில் கேட்ட கேள்விக்கு ஹப்புத்தளையில் இருப்பவர் எண் இடலாம். கொட்டகலையில் சொன்ன விடைக்குக் கடல் கடந்த தேசத்தில் ஒருவர் எண் இடலாம். இதில் நமக்கு என்ன என்று வாசகர்கள் எண்ணலாகாது. சொன்னவர் நாமாக இருக்க, அதன் பொருளை நிச்சயிப்பவர் வேறொருவராக இருக்கும்போது, அந்த வேறொருவர் எவ்வாறு வேலை செய்கிறார் என்பதை அறிந்திருப்பது நமது உரிமை; கடமையுங்கூட.

கொழுந்தும் விடையும்

மலைநாட்டு வாசகருக்கு இதனை விளக்குவது எளிது. அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே புகையிரதப் பாதையை அடுத்துள்ள கொட்டகலையைச் சுற்றிலும் தேயிலை மலைகளே. அங்கே கொழுந்து பறிப்பவர் ஒருவர். அதனை நிறுப்பவர் ஒருவர். செக்ரோலில் பதிபவர் ஒருவர். சம்பளம் கணக்கிடுபவர் ஒருவர். கூடையின் எடைக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிக்கப்படும்போது, பறித்த பெண் தராசின் முன்னாலேயே நிற்கிறாள். “இன்று வெயில்தானே, தண்ணீர் எங்கிருந்து வந்தது?” என்று அவள் கேட்கலாம். கேட்டுப் பயன் உண்டா, இல்லையா என்பது வேறு விஷயம். கேட்க ஓர் இடம் இருக்கிறது.

விடையை நிறுக்கும் தராசின் முன்னால் விடை சொன்னவர் நிற்பதில்லை. அவர் சொன்னதற்கு என்ன எண் விழுந்தது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. ஆகையால் அவர் சார்பில் நிற்பதற்கு ஒழுங்கான முறைகள் வேண்டும். இந்தக் கட்டுரை அம்முறைகளைப் பற்றியது.

பழைய கதை

இலங்கையில் நவீன முறையிலான முதலாவது குடிசனத் தொகைமதிப்பு 1871 ஆம் ஆண்டு நடைபெற்றது. 1901 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பை நடத்தி, அதற்கு அறிக்கை எழுதியவர் நம் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். அக்காலத்தில் எண்ணுவதும் தொகுப்பதும் கைவேலையே.

அமெரிக்காவில் 1890 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹொலரித் என்பவர் ஒரு புதுமையைப் புகுத்தினார். ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை. அவருடைய வயது, பால், பிறந்த இடம் ஆகியவற்றுக்கு அட்டையில் குறித்த இடங்களில் துளைகள். மின்சார யந்திரம் அத்துளைகளை எண்ணியது. இவ்வாறு மனிதரை எண்ணாக மாற்றும் வேலை யந்திர வேகம் பெற்றது. தவறும் யந்திர வேகம் பெற்றது என்பதைப் பின்னர் உலகம் கண்டது.

1950 ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பின் அட்டவணைகளை ஆராய்ந்த ஆன்ஸ்லி கோல், பிரெடரிக் ஸ்டீபன் என்ற இரு அறிஞர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். பதினான்கு வயதிலேயே மனைவியை இழந்த சிறுவர்கள் நம்ப முடியாத தொகையில் காணப்பட்டார்கள்! வயது ஏற ஏற அந்தத் தொகை குறைந்தது. செவ்விந்தியச் சிறுவர்களின் தொகையும் சில வயதுகளில் காரணமின்றி வீங்கியிருந்தது. துருவிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. சில அட்டைகளில் துளைகள் ஒரு கட்டம் வலப்புறமாகத் தள்ளி விழுந்திருந்தன. நடுவயதுக் குடும்பத் தலைவர் பலர் அந்த ஒரு கட்டத்தினால் சிறுவர்களாகவும் விதுரர்களாகவும் மாறிவிட்டனர். இந்த ஆராய்ச்சி 1962 இல் வெளியாயிற்று. கோடிக்கணக்கான அட்டைகளில் தவறானவை மிகச் சிலவே. ஆனால் சிறு தொகையினரான மக்களின் கணக்கில் அச்சிலவே பெருந்தவறாகிவிட்டன. பெருந்தொகையினர் நடுவே விழும் பிழை மறைந்துவிடும். சிறுதொகையினர் மேல் விழும் பிழை அவர்களுடைய உருவத்தையே மாற்றிவிடும். மலைநாட்டு மக்கள் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.

ஒரு கட்டத்தில் ஓர் எண்

இலங்கைத் தொகைமதிப்பில் 1901 வரையில் தமிழர் அனைவரும் ஒரே இனமாகவே எண்ணப்பட்டனர். 1911 இல்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு பகுதிகள் தோன்றின. அவ்வாண்டில் இந்தியத் தமிழர் சனத்தொகையில் 12.9 வீதத்தினராக இருந்தனர். 1981 இல் அது 5.5 வீதம்; 2012 இல் 4.1 வீதம். 2024 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்பதோடு ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் சேர்ந்தது. அந்தப் பகுதியில் அடங்கியோர் 2.8 வீதம், அதாவது ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர்.

இந்த வீழ்ச்சி எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றன்று. 1964 ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அந்தக் கப்பல் பயணங்கள் ஓய்ந்த பிறகும் வீதம் குறைந்து வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டும். 2012 இல் 11.2 வீதமாயிருந்த இலங்கைத் தமிழர் 2024 இல் 12.3 வீதமாக உயர்ந்தனர். நான்கு, ஐந்து தலைமுறையாக இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர், “நான் இலங்கைத் தமிழன்” என்று சொன்னால் அதனை மறுக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆயினும் அவ்வாறு சொல்பவர் பலராகும்போது, தோட்ட மக்களின் வீட்டு வசதி, பள்ளிக்கூடம், வைத்தியம் ஆகிய குறைகளை இனவாரியாகக் காட்டும் அட்டவணையில் அவர்கள் மங்கிப்போகின்றனர்.

இங்கே குறியீட்டாளரின் கை எங்கே வருகிறது என்றால், தனியார் நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் பல்கலைக்கழகத்தாரும் நடத்தும் ஆய்வுகளில், “நீங்கள் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்?” என்று திறந்த கேள்வியாகக் கேட்கும்போதுதான். ஒருவர் “தமிழர்” என்பார். ஒருவர் “மலையகத்தார்” என்பார். “தோட்டத்து ஆட்கள்” என்பாரும் உண்டு. வெறுமனே “தமிழர்” என்று சொன்னவரை, அவருடைய முகவரியில் தோட்டம் இருக்கிறது என்பதற்காக மலையகத் தமிழர் என்று எழுதலாமா? எழுதலாகாது. சொன்னதற்கே எண் இட வேண்டும். ஊகத்துக்கு எண் இடலாகாது. ‘தமிழர், வேறு விபரம் சொல்லவில்லை’ என்று தனியாக ஒரு எண் வைப்பதே நேர்மை.

மேற்கணக்கில் வேலை

மொழியினால் வரும் தொல்லை இன்னும் நுட்பமானது. மலைநாட்டுப் பேச்சில் சில சொற்களுக்கு வெளியார் அறியாத பொருள் உண்டு.

“எங்கே வேலை?” என்று கேட்டால், “மேற்கணக்கில்” என்று ஒருவர் சொல்வார். தோட்டத்தின் மேற்பிரிவு என்பது அதன் கருத்து. வெளியூர்க் குறியீட்டாளர் அவரைக் கணக்கெழுதும் உத்தியோகத்தராக்கி விடுவார்! “நேற்று என்ன செய்தீர்கள்?” என்றதற்கு, “மலைக்குப் போனேன்” என்று ஒரு பெண் சொன்னால், தேயிலை மலையில் வேலை செய்தாள் என்று பொருள், ஸ்ரீபாத யாத்திரை போனாள் என்று எழுதினால் ஒரு நாள் உழைப்பு மறைந்துவிடும். “அரைப் பேர்தான் போட்டார்கள்” என்பது அரை நாள் சம்பளமே பதிந்தார்கள் என்னும் முறைப்பாடு. அதனைப் பெயர்ப் பதிவில் நேர்ந்த எழுத்துப்பிழை என்று கருதி ஒதுக்கினால், ஆய்வு எதற்காக நடத்தப்பட்டதோ அந்த விஷயமே கைநழுவிப் போகும். கைக்காசு, கொந்தரப்பு, கவ்வாத்து, பிரட்டு, பிள்ளைக் காம்பரா ஆகிய சொற்களும் இவ்வகையினவே.

தொழிலைக் குறிக்கும் எண்களிலும் சிக்கல் உண்டு. சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 2008 ஆம் ஆண்டு வகுப்பு முறை உலகத்துத் தொழில்களைப் பத்துப் பெரும் பிரிவுகளாகவும், 436 சிறு பிரிவுகளாகவும் வகுத்திருக்கிறது. சிறு பிரிவு ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண். ஆறாம் பெரும் பிரிவு தேர்ச்சி பெற்ற விவசாயத் தொழிலாளருக்கு. ஒன்பதாவது சாதாரண உடலுழைப்புக்கு. எட்டாவது யந்திரம் இயக்குவோருக்கு. “தோட்டத்தில் வேலை” என்ற ஒரே விடைக்குப் பின்னால் கொழுந்து பறிப்பவரும், கவ்வாத்து வெட்டுபவரும், தொழிற்சாலையில் யந்திரத்தருகே நிற்பவரும் இருக்கலாம். இவர்கள் எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பதில் தள்ளினால், மலைநாட்டில் தேர்ச்சியுள்ள தொழிலாளரே இல்லை என்று அட்டவணை சொல்லும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரைந்து பறிக்கும் விரல்களின் பழக்கம் எத்தனை ஆண்டுப் பயிற்சி என்பதை நாம் அறிவோம்.

பகிர்ந்து கொடுக்கும் முறை

ஆகவே வேலையை வெளியாருக்குக் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை சில உள. முதலாவது, குறியீட்டுப் பட்டியல். பொறுப்பாளர் முதலில் நூறு, இருநூறு விடைகளைத் தாமே வாசித்து, எத்தனை வகைக் கருத்துக்கள் உள்ளன என்று கண்டு பட்டியல் வகுக்கவேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் விளக்கமும், இரண்டொரு உதாரண விடையும், “இதனை இங்கே சேர்க்காதே” என்ற எச்சரிக்கையும் வேண்டும். மேலே சொன்ன தோட்டச் சொற்களுக்குச் சிறு அகராதி ஒன்றும் இணைத்தல் நன்று.

இரண்டாவது, பங்கீடு. மென்பொருளில் விடைகளைப் பலவாறு பங்கிடலாம். ஊர்வாரியாகப் பிரித்து, கொட்டகலை விடைகள் முழுவதையும் ஒருவருக்கும் யாழ்ப்பாண விடைகள் முழுவதையும் இன்னொருவருக்கும் கொடுப்பது இலகுவாகத் தோன்றும். இதில் ஒரு பொறி இருக்கிறது. முதலாமவர் கண்டிப்பானவர், இரண்டாமவர் தாராளமானவர் என்று வைத்துக்கொள்வோம். இருவருடைய சுபாவ வேறுபாடு, இரண்டு ஊர்களின் வேறுபாடாக அட்டவணையில் காட்சியளிக்கும். ஆகவே விடைகளைச் சீட்டுக் கலைப்பது போலக் கலைத்துப் பகிர்தலே முறை. ஒருவருக்குப் பல கேள்விகளைக் கொடுப்பதிலும், ஒரே கேள்வியின் விடைகளைத் தொடர்ந்து கொடுப்பது மேலானது; அளவுகோல் கையில் நிலைபெறும்.

மூன்றாவது, அதிகார எல்லை. வெளியாருக்குத் தரும் நுழைவுரிமை அவருக்கு ஒதுக்கிய விடைகளை மட்டும் காட்டவேண்டும். வேலை முடிந்த நாளோடு அது முடியவேண்டும். பட்டியலில் புதிய எண்ணைத் தாமாகச் சேர்க்க அவருக்கு உரிமை கூடாது. “இதற்குப் பொருத்தமான எண் இல்லை” என்று பொறுப்பாளருக்கு எழுத வழி இருக்கவேண்டும். அவ்வழி இல்லையெனில் எல்லாம் ‘ஏனையவை’ என்ற பெருங்கூடையில் விழும். பொறுப்பாளர் பட்டியலைத் திருத்தினால், முன்பு எண் இட்டவற்றையும் திரும்பப் பார்க்கவேண்டும். மூலவிடையை ஒருபோதும் அழித்தலாகாது. யார், எந்நாள், என்ன எண் இட்டார், யார் அதனை மாற்றினார் என்ற வரலாறு முழுவதும் இருக்கவேண்டும்.

நான்காவது, கூலி. விடை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி நிச்சயித்தால் வேகம் வரும், நிதானம் போகும். இத்தனை கிலோ பறித்தாலே முழுப் பேர் என்று சொல்லும்போது கூடைக்குள் முற்றிய இலையும் சேர்ந்துவிடும் அல்லவா? இங்கும் அதே கதைதான். நீண்ட விடைக்கும் குழப்பமான விடைக்கும் வேண்டிய நேரத்தைக் கூலியில் கணக்கிடாத நிறுவனம் தனக்குத்தானே கேடு செய்து கொள்கிறது.

ஒத்துப்போதல் என்னும் கணக்கு

வேலை சரியாக நடக்கிறதா என்று அறிய ஒரு பழைய உபாயம் உண்டு. விடைகளில் ஒரு பகுதியை, பத்திலொன்று என்று வைத்துக்கொள்வோம், இருவரிடம் தனித்தனியே கொடுப்பது. ஒருவர் இட்ட எண் மற்றவருக்குத் தெரியலாகாது. பின்னர் எத்தனை இடங்களில் இருவரும் ஒத்துப்போயினர் என்று பார்ப்பது.

இதில் மாணவர் கவனிக்கவேண்டிய ஒரு நயம் உண்டு. நூறு விடைகளில் தொண்ணூறில் இருவரும் ஒத்தார்கள் என்றால் மெச்சத்தக்கது போலத் தோன்றும். ஆனால் இருவருமே நூறில் தொண்ணூறுக்கு 1 என்றும் பத்துக்கு 2 என்றும் எண் இட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு இட்டிருந்தாலும் எவ்வளவு ஒத்திருக்கும்? 0.9 ஐ 0.9 ஆல் பெருக்கினால் 0.81, 0.1 ஐ 0.1 ஆல் பெருக்கினால் 0.01, ஆக 0.82. அதாவது 82 விடைகளில் தற்செயலாகவே ஒத்திருக்கக்கூடும். தற்செயலுக்கு மேல் கிடைத்தது எட்டே எட்டு, கிடைத்திருக்கக்கூடியது பதினெட்டு. எட்டைப் பதினெட்டால் வகுத்தால் 0.44. இருவரும் சரிபாதியாக ஐம்பதும் ஐம்பதுமாக எண் இட்டிருந்தால், தற்செயல் ஒற்றுமை ஐம்பதுதான். அப்போது அதே தொண்ணூறுக்கு 0.8 கிடைக்கும். ஜேக்கப் கோஹன் என்ற உளநூலறிஞர் 1960 இல் வகுத்த ‘கப்பா’ என்னும் அளவு இதுவே. ஒற்றுமை முழுமையானால் 1. தற்செயலுக்கு மேல் ஒன்றுமில்லையானால் 0.

அளவு குறைந்தால் உடனே குறியீட்டாளரைக் குறை கூறுவது வழக்கம். பல வேளைகளில் பட்டியலே தெளிவற்றதாயிருக்கும். இருவரும் முரண்பட்ட விடைகளை மேற்பார்வையாளர் ஒன்றொன்றாக எடுத்துப் பேசினால், எந்த எண்ணின் விளக்கம் குழப்புகிறது என்று தெரிந்துவிடும்.

இன்று கணினியே விடையை வாசித்து எண்ணை முன்மொழியும் வசதி வந்துவிட்டது. அது களைப்பறியாது, நள்ளிரவிலும் ஒரே சீராக வேலை செய்யும். ஆனால் அது கற்ற எழுத்துக்களில் மலைநாட்டுப் பேச்சு குறைவாயின், மேற்கணக்கைக் கணக்கெழுதும் அறையாகவே கொள்ளும். அதுவும் ஆயிரம் முறை ஒரே சீராகக் கொள்ளும். இரண்டு யந்திரங்கள் ஒரே தவறைச் செய்தால் கப்பா 1 என்றே காட்டும். ஆகவே அம்மொழி அறிந்த மனிதர் ஒருவர் மாதிரி பார்த்தே தீரவேண்டும்.

இரகசியம் காத்தல்

இங்கேதான் எல்லாவற்றிலும் பெரிய சங்கடம் எழுகின்றது. தோட்டச் சொற்களை அறிந்தவர் யார்? அதே தோட்டத்துப் பிள்ளைகள். சொன்னவரை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளக் கூடியவர் யார்? அதே தோட்டத்துப் பிள்ளைகள். பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிட்டாலும், “என் மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மூத்த மகள் கட்டாரில், மருமகன் குடிக்கிறான்” என்ற ஒரு வாக்கியம் போதும். லயத்தில் உள்ளவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும். துரையைப் பற்றியோ, கங்காணியைப் பற்றியோ சொன்ன முறைப்பாடு வெளிப்பட்டால், சொன்னவருடைய வேலைக்கே ஆபத்து.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. கொட்டகலை விடைகளைக் கொட்டகலையாருக்குக் கொடாமல் ஊவாவின் தோட்டப் பகுதியாருக்குக் கொடுப்பது. அவர்களுடைய விடைகளை இவர்களுக்குக் கொடுப்பது. மொழி ஒன்றே, அயலவர் அல்லர். முன்பு சொன்ன சுபாவ வேறுபாடு இதனால் தலைகாட்டாதிருக்க, இரு பகுதி விடைகளிலும் ஒரு பங்கை மூன்றாவது இடத்தார் ஒருவருக்கும் கொடுத்து ஒப்பிட்டுக் கொள்ளலாம். விடையினுள் வரும் ஆட்பெயரையும் தோட்டப் பெயரையும் அனுப்புமுன் மறைத்துவிடவும் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை எதற்குப் பயன்படுத்துவது என்று நிச்சயிப்பவரையும் அவர் சார்பில் அதனைக் கையாளுபவரையும் வேறுபடுத்திக் காட்டுகின்றது. இனம் பற்றிய தகவலை விசேட காவலுக்குரியதாகவும் வகுக்கின்றது. வேலையை வெளியே கொடுத்துவிட்டதால் பொறுப்பும் வெளியே போய்விட்டது என்று எந்த நிறுவனமும் எண்ணலாகாது.

மாணவர்க்கு ஒரு சொல்

பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி அமைந்திருப்பதால், ஆசிரியப் பணிக்குப் பயிலும் இளைஞர் பலர் கொட்டகலைப் பக்கம் வாழ்கின்றனர். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் பலர். தமிழ், சிங்களம், ஓரளவு ஆங்கிலம் ஆகிய மூன்றும் அறிந்து, தோட்டப் பேச்சும் தெரிந்தவர்களுக்கு இத்தொழில் பொருத்தமானது. கணினியும் இணைய வசதியும் இருந்தால் மலையை விட்டு இறங்காமலே செய்யலாம். எந்த நிறுவனத்தார் வேலை தந்தாலும், பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கூலியை முன்னரே எழுத்தில் பெறுங்கள். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் வினவுங்கள். வாசித்ததை வீட்டிலும் சொல்லாதீர்கள்.

வீட்டுக்கு யாரேனும் படிவத்தோடு வந்து கேட்டால் பெரியவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. “தோட்டத்தில் வேலை” என்று நிறுத்தாமல், “கொழுந்து பறிக்கிறேன், இருபது வருஷமாக” என்று முழுவதும் சொல்லுங்கள். “பேர் போடவில்லை” என்றால், “வேலை செய்தும் அன்றைய சம்பளம் பதியவில்லை” என்று விரித்துச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். அந்த விடை இனிப் போகப்போகும் தூரம் அதிகம். அதனை எடுத்துப் பார்க்கப் போகிறவர் நம் முகத்தைக் காணாதவர். வழியில் தேய்ந்து போகாத அளவுக்குத் தெளிவாகச் சொல்லி அனுப்புவது நம் கையில் இருக்கிறது.